ஞாயிற்றுக்கிழமைக்குள் நகர வேண்டிய யானை

மக்கா,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதித்தான் உனக்கு எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அப்படித் தொடங்கக் கை வரவில்லை. உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. என் மூட்டுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் பெஞ்சாதி ரெஜிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து முன்னறைக்குத் திரும்புகிறேன். அங்கே உன் மகள் ஜெர்லின் லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கல்லூரிப் புத்தகத்தை ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால், செஸ் என்ற சொல் என் வாயில் வந்ததுமே டூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். வெள்ளிக்கிழமை உனக்கு டூட்டி கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நம் தெரு லாரன்ஸின் மகன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். சூரைமீன் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி இந்தக் காகிதத்தை வைத்துக் கட்டிக் கொடுக்கிறேன். ஊறுகாயை நீ ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் ஜெர்லினும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, நாள்கணக்கில் யோசித்து, நெட்டில் ஆடுகிற அந்த செஸ் ஆட்டத்தில் உங்கள் பக்கம் நகர்த்த வேண்டிய கெடு வருகிற ஞாயிறு சாயங்காலத்தோடு முடிகிறது. அதற்குள் நகர்த்தவில்லை என்றால் ஆட்டம் தோல்வி. ஏழு மாத ஆட்டம். பதிவு உன் பெயரில், அனுப்புகிற பொத்தான் உன் கையில், அதைத் திறக்கிற சொல் உனக்கு மட்டும் தெரியும். தோற்றால் தோற்கட்டும், நான் இனி தொடமாட்டேன் என்று நீ மகளுக்கு மெசேஜ் போட்டாயாம். அவளும் உன் மகள்தானே, கெஞ்சமாட்டாள். நடுவில் நான் நிற்கிறேன். ஒரு சதுரங்க ஆட்டம் தோற்றால் நம் வீட்டுக் கூரை பறந்துவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு சாயங்காலம் அந்தக் கெடு தானாக முடிந்துபோனால், அதற்குப் பிறகு அப்பனும் மகளும் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேறு எதைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மணிநேரம் பேசியிருக்கிறீர்கள்? அவளுக்கு மூன்று வயதில் நீ கடல் தாண்டி வேலைக்குப் போனாய். இப்போது அவளுக்கு இருபது.

அஞ்சாம் கிளாஸோடு புத்தகத்தை மூடியவளுக்கு இதில் என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். தெரியும் மக்கா. முதலில் எனக்கும் அது கள்ளத்தனமாகத்தான் பட்டது. லேப்டாப்பில் இருக்கிற செஸ் மெஷினிடம் கேட்டுக் கேட்டு ஆடுவது என்ன ஆட்டம் என்று ஜெர்லினைக் கேட்டேன், பரீட்சையில் அடுத்தவன் பேப்பரைப் பார்த்து எழுதுவதுபோல அல்லவா இருக்கிறது என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள்.

“பாட்டி, இது ஒளிச்சுப் பாத்து எழுதுகது இல்ல. புத்தகத்தைத் தொறந்து வச்சு எழுதுக பரீட்சை. அவனுவளுக்கும் அதே புத்தகம்தான்.”

“பின்ன ஜெயிக்கது எப்படி ஏட்டி?”

“எந்தப் பக்கத்தைத் தொறக்கணும்னு தெரியணும்லா.”

அன்றிலிருந்து நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். அவள் கோயிலில் புதுநன்மை எடுத்த நாளுக்கு நீ வாங்கிக் கொடுத்தாயே மரப்பலகை, அதை எடுத்து மேசையில் விரித்தாள். லேப்டாப்பில் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது, பலகையில் ஆள்களை நிறுத்திப் பார்த்தால்தான் புத்தி ஓடுகிறது என்றாள். வெள்ளை யானை ஒன்று எப்போதோ காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் நீ போன லீவில் விட்டுவிட்டுப் போன அத்தர் பாட்டிலின் மூடியை வைத்திருக்கிறோம். எதிராளிகளின் ஆள்களை நகர்த்துவது என் வேலை. அவர்கள் எங்கோ பனி பெய்கிற நாட்டில் இருக்கிற ஒரு அப்பனும் மகனுமாம், அவர்களிடமும் மெஷின் உண்டு. நான் கறுப்பை நகர்த்திவிட்டு ஏன் என்று கேட்பேன். கல்லூரி விட்டு வந்த களைப்பிலும் அவள் சலிக்காமல் சொல்லுவாள். சில சமயம் மெஷின் காட்டிய நகர்த்தலை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் மெஷினிடம் போவாள். பாட்டிக்குச் சொல்ல முடியாத நகர்த்தலை அப்பாவுக்கு அனுப்பமாட்டேன் என்று ஒரு சட்டமே வைத்திருந்தாள். மூன்று நகர்த்தல் ஒரே மதிப்பில் இருக்கும்போது எதிராளிக்குக் கண்ணைக் கட்டுகிறது எது என்று அவள்தான் எடுப்பாள். மெஷினுக்கு மூன்றும் ஒன்றுதான். எந்த வழியில் இன்னும் தூரம் போய்ப் பார்க்கவேண்டும், எந்த வழியை விட்டுவிடலாம் என்று அதை ஏவுவதும் அவள்தான். என் பேத்தி என்பதால் சொல்லவில்லை. மார்த்தாண்டம் சந்தையில் முப்பது வருஷம் மீன் விற்று மனுஷரைப் பார்த்தவள் நான். ஒரு வேலையைத் தெரிந்து செய்கிறவள் கையும் தெரியாமல் செய்கிறவள் கையும் எனக்கு வேறாகத் தெரியும்.

அவள் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதே. உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போன வருஷம் வேறொரு ஆட்டத்தில் மெஷின் வேண்டாம் என்று சொன்ன குதிரையை அவள் பிடிவாதமாக உள்ளே இறக்கினாள், நீயும் மகள் ஆசைப்படுகிறாள் என்று அனுப்பினாய், பத்தே நகர்த்தலில் ஆட்டம் போயிற்று. அதைப் பற்றி நான் அவளைக் கேட்டபோது, “நூறு தடவை மெஷினுக்கு எதிரா போனா தொண்ணூறு தடவை நமக்குத்தான் அடி பாட்டி” என்று அவளே சொன்னாள். அப்படியானால் மீதிப் பத்துக்காகவா இத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். அவள் பலகையில் ஒரு சிப்பாயை நேராக்கி வைத்தாள். அந்தப் பத்து எது என்று தெரிந்தால்தான் நான் ஆள் என்றாள். இப்போதைய மெஷின்கள் இருக்கிற இருப்பில் அந்தப் பத்தும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறதாம். ஒருநாள் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் மிஞ்சாவிட்டால் பிறகு என்ன?

உனக்கும் அது அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். போன லீவில் வந்தபோது ஒருநாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டுச் சொன்னாயே. துறைமுகத்தில் பெட்டி தூக்குகிற கிரேனில் எந்தப் பெட்டியை எடுத்து எங்கே வைக்கவேண்டும் என்று இப்போது திரையே சொல்லிவிடுகிறது, இனி மேலே ஏறி உட்காரவும் வேண்டாமாம், ஒரு அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். “எனக்க வேலை இப்ப சும்மா இருந்து பாக்குகது அம்மா” என்றாய்.  சும்மா இருந்தாலும் சோறு கிடைக்கிறதே என்பதுபோல எதையோ சொல்லிவிட்டு எழுந்து போனேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கே உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

இனி இந்த ஆட்டத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்கு முன்பே மெஷின் உங்கள் பக்கத்துக்கு ரெண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு என்றால் ஏறக்குறைய ஜெயித்த மாதிரி என்று ஜெர்லின் எனக்குச் சொல்லியிருந்தாள். நீ மெஷின் காட்டியபடியே அனுப்பிக்கொண்டிருந்தாய். யானை இந்தப் பக்கம் போகும், மறுபடி அந்தப் பக்கம் வரும். ராணி ஒரு கட்டம் போகும், திரும்ப வரும். மறுநாளும் ரெண்டு. அடுத்த நகர்த்தலுக்கும் ரெண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் ஒரு மீனின் விலை ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றது என்றால் அது நல்ல விலை என்று அர்த்தம் இல்லை, வாங்க ஆள் இல்லை என்று அர்த்தம். அதை ஜெர்லினிடம் சொன்னேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு என் கையைப் பிடித்தாள். எதிராளியின் ராஜா மூலையில் இருக்கிறது, முன்னால் சிப்பாய்களும் ஒரு குதிரையும் சேர்ந்து மதில் கட்டியாயிற்று. நமக்கு ஆள் பலம் அதிகம், அதைத்தான் மெஷின் ரெண்டு ரெண்டு என்று சொல்லுகிறது. உள்ளே போக வாசல் இல்லை என்பதை அது சொல்லவில்லை. இப்படியே போனால் கடைசியில் சமன்தான் என்றாள்.

அந்த மதிலைத் தாங்கி நிற்பது குதிரை. நம் யானையைக் கொடுத்து அந்தக் குதிரையை எடுத்துவிட்டால் மதில் இடியும் என்று அவள் கண்டுபிடித்தாள். யானை பெரியது, குதிரை சிறியது, அது எனக்கும் தெரியும். பெரியதைக் கொடுத்துச் சிறியதை வாங்குகிற நஷ்டக் கச்சவடம் மாதிரித்தான் இருக்கிறது. அதை மெஷினில் போட்டுப் பார்த்தால் ரெண்டு என்பது உடனே அரையாகக் குறைகிறது. நீ அந்த அரையை மட்டும் பார்த்தாய். “மெஷின் ரெண்டு சொல்லுது, நீ அரை சொல்லுகா” என்று ஒரு வரி அனுப்பினாய். ஆனால் அவள் அதோடு விடவில்லை. அந்த வழியில் மெஷினைக் கைப்பிடித்து ஒவ்வொரு நகர்த்தலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் கறுப்பை நகர்த்த அவள் வெள்ளையை நகர்த்த, ஏழாவது எட்டாவது நகர்த்தலில் அந்த அரை மெல்ல ஏறத் தொடங்கியது. ஒன்று, ஒன்றுக்கு மேலே. ரெண்டைத் தொடவில்லை, பொய் சொல்லமாட்டேன். ரெண்டு இடத்தில் எதிராளி என்ன செய்வான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தப்பாகப் போனால் தோல்விகூட வரலாம். ஆனால் அந்த எண் அசைந்தது. அதைச் சொல்லத்தான் அவள் உன்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட இடத்தில்தான் சண்டை வந்தது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் ஏறின எண்ணைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே நீ போன வருஷத்துக் குதிரையை எடுத்துப் போட்டாய். மெஷினுக்கு மேலே நீ யார் என்று கேட்டாய். அவளும் ஒரு சொல்லை விட்டுவிட்டாள்.

“மெஷின் சொல்லுகத அப்படியே அனுப்புகதுக்கு அப்பா என்னத்துக்கு? ஒரு தபால்காரன் போதும்லா.”

 நீ ரொம்பத் தாழ்ந்த குரலில், சரி, தபால்காரன் இனி வரமாட்டான் என்று சொல்லி வைத்தாய். நீ கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது.

இப்போது உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீ பாலிடெக்னிக் படிக்கும்போது நம் வள்ளத்தில் முதன்முதலாக ஜிபிஎஸ் பெட்டி வைத்தார்கள். கடலுக்கடியில் பாறை இருக்கிற இடங்களைக் கூட வந்தவர்கள் அதில் குறித்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. நம் ஊர் இனயத்துக் கடலை உமக்கு ஒரு பெட்டியா சொல்லித் தரவேண்டும் என்று ஒருநாள் சோறு போடும்போது குத்திக் காட்டினேன். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் பெட்டி பாறை பக்கத்தில் இருக்கிறது என்று காட்டியும் அவர் தன் கண்ணை நம்பி வலையை இறக்கினார். வலை பாறையில் மாட்டிப் பாதிக்கு மேல் கிழிந்து வந்தது. கரையில் நாலுபேர் கூடி என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். “பெட்டி சரியாத்தான் காட்டிச்சு. நான்தான் கேக்கல” என்றார். என் பெஞ்சாதி குத்திக் காட்டினாள் என்று சொல்லவில்லை. நான் கூடையோடு ரெண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மெஷினைவிட மனுஷன் பெரியவன் என்று உனக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அன்றைக்கு மெஷின்தான் சரி. ஆனால் தப்பைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டவர் உன் அப்பா. பெட்டியால் அது முடியாது.

அடுத்தது பிலோமினாள். உனக்கு அவளை நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அவள் வீட்டில்தான் பாதிநாள் கிடந்தாய். நீ கேட்காத கதை ஒன்று உண்டு. தேங்காய்ப்பட்டணம் மீன் ஏலத்தில் நானும் அவளும் பதினொரு வருஷம் கூட்டு. பெரிய குவியலைத் தனியாக எடுக்க முடியாத பெண்கள் ரெண்டுபேராகச் சேர்ந்து எடுப்போம். ஒருத்தி மீனைப் பார்ப்பாள், செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கி. மற்றவள் ஏலக்காரன் முன்னால் நின்று விலை கேட்பாள். கேட்கிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆசை தெரிந்துவிடும், ஏலக்காரன் ஏற்றிவிடுவான். ஆகவே பார்க்கிறவள் சொல்லவேண்டியதை முன்பே சொல்லிவிடவேண்டும், கேட்கிறவளும் தன் சந்தேகத்தை முன்பே கேட்டுவிடவேண்டும். ஏலம் விழுந்தபிறகு மீன் அழுகலாக இருந்தாலும் சரி, நான் அப்போதே நினைத்தேன் என்று ரெண்டுபேரில் ஒருத்தியும் சொல்லக்கூடாது. எடுத்தது நாம். அதுதான் கூட்டின் சட்டம். எழுதி வைக்கவில்லை, ஆனால் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் சாளைமீன் குவியல் ஒன்று. பிலோமி பார்த்து, எடுக்கலாம் என்றாள். எனக்கு அடியில் கிடந்த மீனின் வயிறு நெகிழ்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. நான் அதைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது கேட்டிருந்தால், அவள் கண் என் கண்ணைவிட நல்லது என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி இது: நல்ல மீனாக இருந்தால் ரெண்டுபேருக்கும் லாபம், கெட்டதாக இருந்தால் பார்த்தவள் அவள். எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு மறைவு இருந்தது. மார்த்தாண்டம் சந்தையில் கூடையைக் கவிழ்த்தபோது பாதிக்குமேல் பழசு. வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அத்தனைபேர் முன்னாலும் நான், இவள் கண்ணை நம்பி எடுத்தேன் பாருங்கள் என்று சொன்னேன். பிலோமி என்னைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. கூடையைக் கழுவினாள், பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள். மறுநாள் ஏலத்தில் வேறொருத்தியோடு நின்றாள். இன்றும் பூசைக்குப் போகும்போது கண்டால் சிரிப்பாள், உன்னை விசாரிப்பாள். கூட்டுக்கு வா என்று அதற்குப்பிறகு நான் எத்தனை தடவை கேட்டும் வரவில்லை.

மூன்று வாரமாக உன் ஆட்டத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பிலோமிதான் நினைவுக்கு வருகிறாள். மெஷின் சொன்னதை அனுப்பித் தோற்றால் மெஷின் தோற்றது. மகள் சொன்னதை அனுப்பித் தோற்றால் மகள் தோற்றாள். அதில் நீ எங்கே மக்கா? உன்னைக் குத்துவதற்குக் கேட்கவில்லை, நான் நின்ற இடம் அது, எனக்கு அந்த மறைவு நன்றாகத் தெரியும். மனுஷன் மெஷினோடு சேர்ந்து ஆடும்போது அவனுக்கு என்ன வேலை மிச்சம் என்று ஜெர்லின் ஏதேதோ சொல்லுகிறாள், எந்தப் பக்கத்தைத் திறப்பது, மதில் எங்கே இருக்கிறது என்று. எல்லாம் சரியாக இருக்கலாம், நாளைக்கு அதையெல்லாம் மெஷினே கற்றுக்கொள்ளவும் கூடும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசியில் ஒருத்தர் பொத்தானை அமுக்கி, இதை அனுப்பியது நான் என்று சொல்லவேண்டும். அந்த மெஷின் ரெண்டு என்று சொல்லும், அரை என்று சொல்லும். நான் என்று சொல்லாது.

உனக்கு அது வராத ஒன்றும் அல்ல. அதே லீவில், அதே ஆறின காப்பியோடு இன்னொன்றும் சொன்னாய். காற்று அடித்த ஒருநாள் திரை எல்லாம் சரி என்று காட்டியபோதும் கம்பிவடத்தின் சத்தம் உனக்குப் பிடிக்காமல் கிரேனை நிறுத்திவிட்டாய். ஆள் ஏறிச் சோதித்தார்கள், வடத்தில் ஒரு குறையும் இல்லை. மேலதிகாரி யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டான், நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லித் திட்டு வாங்கினாய். நீ அதை அவமானமாகச் சொன்னாய். நான் அதை நம் தெருவில் நாலு வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன், உனக்குத் தெரியாது. கம்பிவடம் அறுந்திருந்தால்தான் நீ பெரியவன் என்று இல்லை. அப்படியே உன் அப்பா கரையில் நின்று பேசியதுபோல இருந்தது எனக்கு.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் எழுதவேண்டியதை எழுதவில்லை. இத்தனை பக்கமும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்திருக்கிறேன்.

தபால்காரன் என்ற அந்தச் சொல் ஜெர்லினுடையது அல்ல. என்னுடையது. அந்தச் சண்டைக்கு ரெண்டு நாள் முன்னால், பலகைக்கு முன் உட்கார்ந்து, அவள் உன்னுடைய ஒரு வரிப் பதிலை எனக்குப் படித்துக் காட்டியபோது நான் சொன்னது. “மெஷின் சொல்லுகத அனுப்புகதுக்கு உனக்க அப்பன் என்னத்துக்கு ஏட்டி, தபால்காரன் போதும்லா.” அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். உன் கிரேனைப் பற்றி நீ என்னிடம் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது, இருந்தும் சொன்னேன். எங்கே அடித்தால் உனக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நீ அதை அவளிடம் சொல்லவே இல்லை, என்னிடம்தான் சொன்னாய். கோபத்தில் அவள் கைக்கு அகப்பட்டது நான் போட்டு வைத்த கல். நீ போனை வைத்தபிறகு அவள் என்னைப் பார்த்தாள், மார்த்தாண்டம் சந்தையில் பிலோமி பார்த்த அதே பார்வை. அப்போதே உன்னைத் திருப்பிக் கூப்பிட்டு, சொன்னவள் நான் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் ஆகிவிட்டது. இது பாட்டி சொன்னது என்று அவளாவது உனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் போடவில்லை என்று எத்தனை தடவை கேட்டுப் பார்த்தேன், “நான்லா சொன்னேன் பாட்டி, எனக்க வாயில இருந்துதானே வந்தது” என்கிறாள். ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் இராயப்பர் மூன்று தடவை மறுதலித்தார் என்று பூசையில் வாசிக்கும்போதெல்லாம், ஒரு மீன்பிடிக்காரருக்கு இவ்வளவு பயமா என்று நினைப்பேன். கரையில் உன் அப்பா பக்கத்தில் ஒன்று, சந்தையில் பிலோமி பக்கத்தில் ரெண்டு, முன்னறையில் உன் மகள் பக்கத்தில் மூன்று. என் கணக்கும் அதேதான்.

ஆகவே கோபம் இருந்தால் என்மேல் வை. அது வரவேண்டிய விலாசம் இதுதான். அவளை அதிலிருந்து எடுத்துவிடு.

யானையைக் கொடுக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு உண்மையாகவே தெரியாது, அவளுக்கும் முழுதாகத் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ இதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிடு. ஏன் என்று கேள். கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கிறவரை பேசாமல் இரு. உனக்குச் சந்தேகம் இருந்தால் அப்போதே சொல், நான் சாளைக் குவியல் முன்னால் நின்றதுபோல வாயை மூடிக்கொண்டு நிற்காதே. அதற்குப்பிறகு அவள் வழியோ மெஷின் வழியோ, ஞாயிறு சாயங்காலத்துக்குள் எதையாவது ஒன்றை அனுப்பு. அனுப்பியபின் நான் அனுப்பினேன் என்று அவளிடம் சொல். தோற்றாலும் ரெண்டுபேரும் சேர்ந்து தோற்றதாக இருக்கட்டும். பதினொரு வருஷக் கூட்டை ஒரு கூடை சாளைக்குக் கொடுத்தவள் சொல்லுகிறேன், கேட்டியா.

லாரன்ஸின் மகன் வந்து வாசலில் நிற்கிறான், பாட்டிலைக் கட்டவேண்டும். ஜெர்லின் கல்லூரியிலிருந்து இன்னும் வரவில்லை. இந்தக் காகிதத்தை அவள் பார்க்கவில்லை. வந்ததும் இதில் எழுதியதை அவளிடம் நானே சொல்லப்போகிறேன், போன் வழியாக நீ சொல்லி அவள் கேட்கக்கூடாது. பலகையை நான் கலைக்கவில்லை. தூசி தட்டும்போதும் ஒவ்வொரு ஆளாகத் தூக்கி அதே கட்டத்தில் வைக்கிறேன். அவள் கொடுக்கச் சொல்லுகிற யானை அந்த அத்தர் மூடிதான் மக்கா. குதிரைக்கு நேராக, ஒன்றும் நடுவில் இல்லாமல், மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. முகர்ந்தால் இன்னும் உன் சட்டை வாசனை இருக்கிறது.

அம்மா